பிணம் விழுந்தால்தான் அடுப்படிக் கதவு திறக்குமா?

சாயங்காலம் ஆறரை மணி. ஆபீஸ் விட்டாச்சு. பாரிமுனையில் பஸ்சுக்கு நிற்கிற குமாஸ்தாவுக்குப் பசி வயிற்றைக் கிள்ளுகிறது. எதிரே ஒரு ஓட்டல். விளக்கு வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. கல்லாவில் ஊதுபத்தி மணக்கிறது. சாமி படத்துக்கு மல்லிகைச் சரம்.

"வாங்க சார்... சூடா என்ன சாப்பிடுறீங்க?"

உட்காருகிறார். இலை வருகிறது. இரண்டு பரோட்டா, ஒரு சால்னா. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது ஓரத்தில் ஒரு கதவு தெரிகிறது. அதில் ஒரு பலகை.

"அன்னியர் உள்ளே வரக்கூடாது!"

யார் அந்த அன்னியர்? காசு கொடுத்துச் சாப்பிடுகிற மனுஷன்!

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? எச்சில் தட்டு கழுவிய தண்ணீர் காலடியில் ஓடுகிறதா? சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் மாவு அண்டா இருக்கிறதா? மேசை துடைத்த துணியே தட்டையும் துடைக்கிறதா? குளிர்சாதனப் பெட்டியில் மேல் தட்டில் பச்சைக் கோழி, கீழ்த் தட்டில் தயிர் என்று இருக்கிறதா? கரப்பான் பூச்சிக்கும் சமையல் மாஸ்டருக்கும் சமரசம் ஆகிவிட்டதா?

எல்லா ஓட்டலும் இப்படித்தான் என்று சொன்னால் பாவம். வீட்டு அடுப்படி மாதிரி துடைத்து வைத்திருக்கிற ஓட்டல்கள் இந்த ஊரில் உண்டு. ஆனால் எது சுத்தம், எது அசுத்தம் என்று சாப்பிட வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

இதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் உயிர்கள் போகின்றன.

நாமக்கல்லில் போன உயிர்!

2023 செப்டம்பர் மாதம். நாமக்கல்லில் ஒரு ஓட்டலில் ஒரு குடும்பம் ஷவர்மா வாங்கியது. ஆசையாகத்தான் வாங்கினார்கள். சாப்பிட்டார்கள். ராத்திரியே வாந்தி, பேதி. அந்த வீட்டின் 14 வயதுச் சிறுமி பரிதாபமாக இறந்துபோனாள். அதே ஓட்டலில் சாப்பிட்ட 40-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அதற்கு முந்திய ஆண்டு, 2022 மே மாதம். கேரளாவில் காசர்கோடு மாவட்டம் செருவத்தூர். அங்கேயும் ஷவர்மா. 16 வயது மாணவி பலி. பலர் ஆஸ்பத்திரியில். ஷிகெல்லா என்ற கிருமி என்று சோதனையில் தெரிந்தது. மலக் கழிவிலிருந்து கை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவுகிற கிருமி அது. கை கழுவாத ஒரு கை போதும்!

நாமக்கல் சாவுக்குப் பிறகு என்ன நடந்தது? ஓட்டல் முதலாளியும் சமையல்காரர்களும் கைது செய்யப்பட்டார்கள். ஓட்டலுக்குச் சீல். மாநிலம் முழுக்க அதிரடிச் சோதனை. ஊர் ஊராக அதிகாரிகள் இறங்கினார்கள். கெட்டுப்போன இறைச்சியைக் கிலோ கிலோவாக எடுத்துக் கொட்டி அழித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பேப்பரிலும் வந்தது.

அந்த இறைச்சியெல்லாம் ஒரே நாளில் கெட்டதா? சிறுமி சாவதற்கு முதல் நாளும் அது அங்கேதானே இருந்திருக்கும்? முதல் நாள் யாரும் ஏன் கதவைத் திறக்கவில்லை?

செத்தவள் திரும்பி வரப்போவதில்லை. சோதனையாவது சாவுக்கு முன்னால் வரட்டுமே!

சட்டம் இருக்கிறது... கட்டு கட்டாக!

சட்டம் இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. 1954-லேயே உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. மிளகாய்த் தூளில் செங்கல் தூள், பாலில் தண்ணீர், நெய்யில் டால்டா... இவற்றைப் பிடிக்கத்தான் அந்தச் சட்டம் பெரும்பாலும் பயன்பட்டது. பொருளைப் பார்த்தார்கள். அடுப்படியைப் பார்த்தது குறைவு.

பிறகு 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். 2011 ஆகஸ்ட் 5-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. இதில் அடுப்படியும் மாட்டிக்கொண்டது. சின்னக் கடைக்குப் பதிவு. பெரிய ஓட்டலுக்கு லைசென்ஸ். தரை எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி இருக்க வேண்டும், வேலை செய்கிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாம் எழுதி வைத்தாகிவிட்டது.

அதிகாரியின் கையும் வெறுங்கை இல்லை. குறை கண்டால் 32-ம் பிரிவின்படி திருத்திக்கொள்ள நோட்டீஸ் கொடுக்கலாம். திருந்தாவிட்டால் லைசென்சை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆபத்து அவசரம் என்றால் 34-ம் பிரிவின்படி கடைக்கே தடை போட வழி இருக்கிறது. அசுத்தமான இடத்தில் உணவு தயாரித்தால் 56-ம் பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்த உணவால் உயிர் போனால் 7 ஆண்டுக்குக் குறையாத ஜெயில், ஆயுள் தண்டனை வரை போகலாம். அபராதம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. செத்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத நஷ்டஈடு.

இன்னொன்றும் இருக்கிறது. பதிவு பெற்ற சின்னக் கடைகளை ஆண்டுக்கு ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று 2011 விதிகளிலேயே எழுதினார்கள்.

ஆண்டுக்கு ஒரு தடவை! பார்த்தார்களா? எந்தத் தேதியில் பார்த்தார்கள்? என்ன கண்டார்கள்? அந்த ஓட்டலில் தினமும் டிபன் சாப்பிடுகிறவருக்கு இது தெரிய ஏதாவது வழி உண்டா?

இல்லை. ரிப்போர்ட் பைலில் தூங்குகிறது. சாப்பிடுகிறவர் சாமி படத்தைப் பார்த்து நம்பிக்கொண்டு சாப்பிடுகிறார்.

நாற்றம் அடிக்காத விஷம்!

"மோந்து பார்த்தேன், நல்லாத்தானே இருந்தது..." ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்கள் சொல்கிற வார்த்தை இது.

அங்கேதான் ஏமாந்து போகிறோம் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். நோய் கொடுக்கிற கிருமி நாற்றம் அடித்துக்கொண்டு வருவதில்லை. ருசியும் மாறாது. நிறமும் மாறாது.

கணக்கு ரொம்பச் சுலபம். 5 டிகிரிக்குக் கீழே குளிரில் கிருமி பெருகுவது வெகுவாகக் குறையும். 60 டிகிரிக்கு மேலே சூட்டில் பெருக முடியாது. நடுவில் இருக்கிற வெதுவெதுப்புதான் கிருமிக்குக் கல்யாணச் சாப்பாடு. நம்ம ஊர் வெயிலில் அடுப்பை அணைத்துவிட்டு மூடி வைத்த குழம்பு எங்கே இருக்கும்? சரியாக அந்த நடுவில்!

ஷவர்மாவைப் பாருங்கள். கம்பியில் குத்திய கோழி சுற்றிச் சுற்றி வேகிறது. வெளியே சிவக்கிறது. உள்ளே? கூட்டம் அதிகமாகி மாஸ்டர் அவசரமாகச் சீவினால் வேகாத சதையும் சேர்ந்து வரும். வியாபாரம் இல்லாவிட்டால் நெருப்பை அணைப்பார், மறுபடி ஏற்றுவார். மிச்சத்தை மறுநாளும் கம்பியில் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். அதன் மேல் பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ். அதில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் அதைக் கொல்ல அடுப்பே கிடையாது. இதனால்தான் பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓர் ஆண்டுக்குத் தடை போட்டது.

"நான் சைவம், எனக்கென்ன?" என்று சொல்லிவிட வேண்டாம். மத்தியானம் வடித்த சோறு ராத்திரி பிரைடு ரைஸ் ஆகிறது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அதன் விதைகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாவதில்லை. சோறு ஆறிக் கிடந்தால் முளைத்துப் பெருகி விஷம் கக்கும். அப்புறம் என்னதான் வறுத்தாலும் அந்த விஷம் போகாது. "நல்லா சூடு பண்ணித்தான் கொடுத்தேன் சார்" என்று மாஸ்டர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் பிரயோஜனமும் இல்லை.

எண்ணெயும் அப்படியே. ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்தால் கெட்ட சேர்மங்கள் சேருகின்றன. அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி. பஜ்ஜிக் கடைச் சட்டியில் எத்தனை சதவீதம் என்று யார் அளந்தார்கள்?

காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவன்!

அடுப்படியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் பற்றிச் சோதனையில் யாரும் பேசுவதில்லை. அங்கே வேலை செய்கிற மனுஷன்.

அவன் எங்கிருந்தோ வந்தவன். பத்துப் பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள். விரலில் வெட்டுக் காயம். துணியைச் சுற்றிக்கொண்டு சட்னி அரைக்கிறான். காய்ச்சல் அடிக்கிறது. லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறான். ஆண்டுக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு தடுப்பூசி என்று விதி சொல்கிறது. விதி நல்ல விதிதான். ஆனால் நோய் என்று சொன்னால் வேலை போகும் என்று பயப்படுகிறவன் உண்மையைச் சொல்வானா?

அமெரிக்காவில் நியூயார்க்கில் மேரி மாலன் என்று ஒரு சமையல்காரி இருந்தாள். பணக்கார வீடுகளில் சமைத்தாள். அவள் போன வீடெல்லாம் டைபாய்டு. அவளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை! நோய் இல்லாமலே கிருமியைச் சுமந்தவள் அவள். 1907-ல் கண்டுபிடித்துத் தீவில் அடைத்தார்கள். இனி சமைக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு 1910-ல் விட்டார்கள். துணி வெளுக்கிற வேலைக்குப் போனாள். சமையலில் கிடைத்த சம்பளம் அதில் கிடைக்கவில்லை. பேரை மாற்றிக்கொண்டு மறுபடி கரண்டியைப் பிடித்தாள். 1915-ல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் அகப்பட்டாள். அதற்குள் அங்கே 25 பேருக்கு டைபாய்டு. 2 பேர் சாவு. மறுபடி தீவுச் சிறை. 1938-ல் சாகும்வரை அங்கேதான்.

இதில் பாடம் என்ன? அவளைத் தீவில் அடைக்க ஆள் இருந்தது. அவள் பிழைப்புக்கு வழி சொல்ல ஆள் இல்லை. நம்ம ஊர்ச் சமையல்காரனுக்கும் நோய் நாளில் சம்பளத்தோடு லீவு இல்லாவிட்டால், எத்தனை சர்டிபிகேட் தொங்கினாலும் காய்ச்சல்காரன் வந்துதான் தோசை வார்ப்பான்.

முதலாளிக்கும் ஒரு நியாயம் உண்டு!

ஓட்டல்காரரைக் கேட்டால் அவர் ஒரு பாட்டு பாடுவார். வாடகை ஏறிப்போச்சு. கேஸ் சிலிண்டர் விலை ஏறிப்போச்சு. குழாயில் தண்ணீர் வரவில்லை, லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கு. கடைக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக் கிடக்கு, சொன்னாலும் ஆள் வரவில்லை. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தண்ணீர் கொடுக்காத ஊரில் தட்டு மட்டும் எப்படிச் சுத்தமாகும்?

அவருக்கு இன்னொரு பயமும் உண்டு. வதந்தி!

2018 நவம்பரில் எழும்பூர் ரெயில் நிலையம் நினைவிருக்கிறதா? ஜோத்பூரிலிருந்து ரெயிலில் வந்த 2 ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சி பிடிபட்டது. "நாய்க்கறி!" என்று நகரமே அலறியது. பிரியாணிக் கடைப் பக்கம் போகவே ஜனங்கள் தயங்கினார்கள். கடைசியில் கால்நடை மருத்துவக் கல்லூரிச் சோதனையில் என்ன வந்தது? ஆட்டுக்கறி! நாயும் இல்லை, நரியும் இல்லை. பழி சுமந்தவர்களுக்கு யார் நஷ்டஈடு கொடுப்பது?

முறையாகச் சோதனை செய்து முடிவை ஊரறியச் சொல்லியிருந்தால் வதந்திக்கு வேலை இல்லை. சுத்தமாகக் கடை நடத்துகிறவருக்குச் சோதனை எதிரி ஆகாது. அதுதான் அவருக்குக் காவல். காசைச் செலவழித்துச் சுத்தமாக வைத்திருக்கிறவரும், ஒன்றும் செய்யாதவரும் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிவதால்தான் சுத்தம் நஷ்ட வியாபாரம் ஆகிறது.

வாசலில் ஒட்டு!

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

சிங்கப்பூரில் 1997-லேயே சாப்பாட்டுக் கடைகளுக்கு ஏ, பி, சி, டி என்று மார்க் போட்டார்கள். கடையில் மாட்டியாக வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்சில் 1997 நவம்பரில் ஒரு டி.வி. நிலையம் ரகசியக் கேமராவோடு ஓட்டல் அடுப்படிக்குள் புகுந்தது. பார்த்த ஜனங்கள் திடுக்கிட்டுப் போனார்கள். சில வாரங்களிலேயே உத்தரவு. 1998 முதல் ஓட்டல் வாசல் கண்ணாடியில் எழுத்து ஒட்டினார்கள்.

நியூயார்க்கில் 2010-ல் வந்தது. ஒவ்வொரு குறைக்கும் புள்ளி. 13 புள்ளிக்குள் இருந்தால் ஏ. 14 முதல் 27 வரை பி. 28-ம் அதற்கு மேலும் சி. ஏ வாங்காத கடைக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்து மறுபடி சோதனை. தெருவில் போகிறவர் கதவைப் பார்க்கிறார். ஏ இருந்தால் உள்ளே. சி இருந்தால் அடுத்த கடை. போலீசும் வேண்டாம், ரெய்டும் வேண்டாம்!

அட்டை ஒட்டினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. சிங்கப்பூரிலேயே 2009-ல் கேலாங் சிராய் சந்தையில் ரோஜாக் சாப்பிட்ட 154 பேருக்கு உடம்புக்கு வந்தது. 2 பேர் இறந்தார்கள். பச்சைக் கடல் உணவிலிருந்த கிருமி தயாரான உணவில் கலந்ததுதான் காரணம் என்றார்கள். பச்சைக்கும் வெந்ததற்கும் ஒரே பலகை, ஒரே கத்தி என்றால் எந்த நாடாக இருந்தாலும் கதி இதுதான். அதனால் அட்டையும் வேண்டும், அதற்குப் பின்னால் ஓயாத கண்காணிப்பும் வேண்டும்.

நம்ம நாட்டிலும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓட்டல்களுக்குச் சுகாதார மதிப்பீடு என்று 1 முதல் 5 வரை மார்க் கொண்டுவந்தது. ஆனால் விருப்பம் உள்ளவர் சேரலாம் என்று தொடங்கினார்கள். விருப்பம் யாருக்கு வரும்? நல்ல மார்க் வாங்குகிறவருக்கு! பெயில் ஆகிறவன் எவன் தானாகப் பரீட்சைக்கு வருவான்?

செய்ய வேண்டியது இதுதான்!

ஒன்று: ஒவ்வொரு ஓட்டல் அடுப்படியையும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கும் பார்க்க வேண்டும். ஷவர்மாக் கம்பி சுற்றுவது அப்போதுதான்.

இரண்டு: முடிவைப் பெரிய எழுத்தில், தமிழில், வாசலில் ஒட்ட வேண்டும். தோசை என்ன விலை என்று பலகையில் எழுதிப் போடுகிற கடையில், அடுப்படி என்ன லட்சணம் என்று எழுதிப் போட முடியாதா?

மூன்று: அந்த அட்டையில் பார்த்த தேதியும் பார்த்த அதிகாரியின் பதவியும் கையெழுத்தும் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு உயிர் போனால் முதலாளியையும் சமையல்காரரையும் மட்டும் பிடித்தால் போதாது. கடைசியாக இந்த அடுப்படியைப் பார்த்தது யார், என்ன எழுதினார் என்று கேட்க வேண்டும். அதிகாரி வந்தால் கவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்கும் அந்தக் கையெழுத்துதான் மருந்து.

நான்கு: அடுப்படித் தொழிலாளிக்குக் கை கழுவத் தண்ணீரும் சோப்பும், காய்ச்சல் நாளில் சம்பளத்தோடு லீவும் கட்டாயம் ஆக வேண்டும்.

ஐந்து: இத்தனையும் செய்யப் போதுமான அதிகாரிகளும் சோதனைக்கூடங்களும் வேண்டும். ஆள் இல்லாத ஆபீசால் ரெய்டு நடத்த முடியும். கண்காணிக்க முடியாது.

சாப்பிடுகிறவரும் சும்மா இருக்க வேண்டாம். பில்லில் 14 இலக்க லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். போனிலேயே புகார் செய்ய மத்திய ஆணையத்தின் செயலி இருக்கிறது. வாங்கிய உணவைக் கட்டணம் கட்டிச் சோதனைக்கு அனுப்ப 40-ம் பிரிவு சாதாரண மனுஷனுக்கும் உரிமை கொடுக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். தப்பு கண்டால் கட்டிய பணம் திரும்பி வரும்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கிறவருக்கு மூன்று வேளையும் ஓட்டல்தான் வீடு. ராத்திரி டூட்டி முடித்து வருகிற செவிலிக்கும், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் அதுதான் அம்மா கை. அவர்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுப்படி எப்படி இருக்கிறது என்று உட்காருவதற்கு முன்னால் தெரிய வேண்டும். அதைச் சொல்ல ஒரு அட்டை போதும். அடுத்த சிறுமி சாவதற்கு முன்னால் அது வாசலில் ஏறட்டும்!

கடைசியாக ஒன்று. பஜ்ஜியையும் வடையையும் அச்சடித்த பேப்பரில் கட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. மையில் உள்ள ரசாயனம் எண்ணெயோடு வயிற்றுக்குள் போகும். அது இந்தப் பேப்பருக்கும் சேர்த்துத்தான். படித்து முடித்ததும் இதை வடைக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!